உங்கள் பெயர் போட்ட ஒரு பில்
பிராண்டு வாட்ச் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கம்பெனி டீலர்ஷிப் இல்லாமல் ஒரிஜினல் வாட்ச் விற்கும் கடைக்காரர்களே, இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் படம் போட்டு விற்கும் தம்பிமார்களே, துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சரக்கு வரவழைத்துக் கைமாற்றும் ஏஜென்ட்டுகளே,

என் வீடு மண்டகப்பட்டில், பிழைப்பு செஞ்சியில். வாட்ச் ரிப்பேர் செய்கிறேன். நீங்கள் விற்கும் வாட்சுகளில் பழுதானவை, சர்வீஸ் சென்டர் கைவிரித்த பிறகு, கடைசியாக வந்து சேரும் இடங்களில் என் மேசையும் ஒன்று. உங்களை நான் நேரில் பார்த்ததில்லை. உங்கள் கைபட்ட சரக்கின் பின்மூடியைத் திறந்து பார்த்திருக்கிறேன். அங்கே கண்டதை வாடிக்கையாளரிடம் புலம்பிப் பயனில்லை, உங்களிடமே பேசிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்கள் வியாபாரமே தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. சுங்கம் கட்டி, கணக்கில் வந்த வாட்சை யார் வேண்டுமானாலும் விற்கலாம். அமெரிக்காவில் ஒமேகா கம்பெனிக்கும் காஸ்ட்கோ என்ற பெருங்கடைக்கும் நடந்த வழக்கை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒமேகா 1,995 டாலர் என்று விலை வைத்திருந்த சீமாஸ்டர் வாட்சை, வெளிநாட்டு வழியாக வாங்கி வந்து 1,299 டாலருக்கு விற்றது காஸ்ட்கோ. தடுப்பதற்கு ஒமேகா ஒரு வழி கண்டுபிடித்தது. பின்மூடியில் அரை சென்டிமீட்டர் கூட இல்லாத ஒரு சின்ன உலக உருண்டைப் படத்தைப் பொறித்து, அந்தப் படத்துக்குப் பதிப்புரிமை கோரியது. 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்தார்கள். கடைசியில் 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் காஸ்ட்கோ ஜெயித்தது. கம்பெனி ஒருமுறை விற்றுக் காசு வாங்கிய பொருளை அடுத்தவன் விற்பதைத் தடுக்க முடியாது என்பதே அதன் சாரம். அந்தத் தீர்ப்பில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஷோரூமில் போய் முழு விலை கொடுக்க எல்லோராலும் முடியாது. குறைந்த விலையில் நல்ல வாட்ச் கிடைத்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும்தான் கட்டட்டுமே.

என் குறையெல்லாம் வாரன்ட்டி என்ற பேச்சில்தான் இருக்கிறது.

போன ஆவணியில் செஞ்சிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் கல்யாணம். மாப்பிள்ளை சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் கேட்டார், பிராண்டு பெயர் சொல்லியே கேட்டார். பெண்ணின் அப்பா மல்லாட்டை விற்ற பணத்தில் 62,000 ரூபாயை உங்களில் ஒருவரிடம் கொடுத்து வாங்கினார். ஷோரூம் விலையைவிட நன்றாகவே குறைவு. பெட்டி இருந்தது, புத்தகம் இருந்தது, வாரன்ட்டி கார்டும் இருந்தது. கார்டில் டீலர் முத்திரை இருக்க வேண்டிய கட்டமும், தேதி எழுத வேண்டிய கட்டமும் வெறுமையாக இருந்தன. ‘இன்டர்நேஷனல் வாரன்ட்டி சார், இந்தியா முழுக்கச் செல்லும்’ என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன சொல்தான் பில். தனியாகப் பில் கிடையாது.

ஐப்பசி மழையில் கண்ணாடிக்குள் பனி பிடித்தது. வாட்சைச் சென்னைக்கு எடுத்துப் போனார்கள். சர்வீஸ் சென்டரில் கார்டைப் பார்த்தார்கள், வாட்சைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள், வாரன்ட்டி கிடையாது, முழுக்காசு கட்டினால் செய்கிறோம் என்றார்கள். விற்றவருக்குப் போன் போட்டால், ‘அது கம்பெனிதான் சார் பாக்கணும், நான் இன்னா பண்றது?’ என்ற பதில். அடுத்த வாரம் அந்த நம்பரில் பெண்ணின் அப்பாவுடைய அழைப்பு போகவே இல்லை.

வாட்சை என்னிடம் கொண்டு வந்தார். ஐகிளாஸ் வைத்துப் பார்த்தேன். சீரியல் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை. சுற்றியுள்ள எஃகில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றன, அந்தச் சின்ன இடத்தில் மட்டும் கோடு குறுக்கே திரும்பி, கண்ணாடிபோல் பளபளக்கிறது. சக்கரம் வைத்துத் தேய்த்து, மெருகும் ஏற்றியிருக்கிறார்கள். பின்மூடியின் பள்ளத்துக்குப் பக்கத்தில் சாவி வழுக்கிய கீறல் இரண்டு. மூடியைத் திறந்தால், உள்ளே தண்ணீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையம் ஓரிடத்தில் மடிந்து நசுங்கிக் கிடந்தது. முள் திருப்பும் தண்டில் துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. கம்பெனியில் மூடிய வளையம் அப்படி மடியாது. மூடியபின் காற்றழுத்தம் கொடுத்துச் சோதித்துத்தான் வெளியே விடுகிறார்கள். விற்பனைக்கு முன்பே யாரோ திறந்திருக்கிறார்கள், திறந்தவருக்கு மூடத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் கையில் ஏறுவதற்கு முன்பே அந்த வாட்சின் வாரன்ட்டி செத்துப் போயிருந்தது.

அந்தப் பெரியவர் என் மேசை எதிரில் நின்று கேட்டது ஒன்றுதான்: “அண்ணே, மாப்ள கிட்ட நான் இன்னான்னு சொல்றது? டூப்ளிகேட்டு வாங்கிக் குடுத்துட்டேன்னு நெனைக்க மாட்டாரா?”

அது டூப்ளிகேட் இல்லை. ஒரிஜினல் மிஷின்தான், ஒரிஜினல் டயல்தான். ஒரிஜினலை விற்றே ஒரு மனிதரைச் சம்பந்தி வீட்டில் தலைகுனிய வைத்துவிட்டீர்கள். போலி விற்பவன் செய்வதும் இதுவே என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும்.

எண்ணை ஏன் தேய்க்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். எந்த டீலர் உங்களுக்குச் சரக்கு விட்டார் என்று கம்பெனி கண்டுபிடித்துவிடக் கூடாது. அந்த டீலரைக் காப்பாற்ற நீங்கள் எண்ணை அழிக்கிறீர்கள். எண் அழிந்த வாட்சுக்குக் கம்பெனி வாரன்ட்டி தராது. திருட்டுப் போனால் போலீசில் அடையாளம் சொல்லவும் வழியில்லை. உங்களுக்கும் டீலருக்கும் உள்ள ரகசியத்துக்கு விலை கொடுப்பவர் மூன்றாவதாக ஒருவர், ரகசியம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

‘இன்டர்நேஷனல் வாரன்ட்டி’ என்ற சொல்லை நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று கவனித்துப் பாருங்கள். அது நாட்டு எல்லையைப் பற்றிய சொல். துபாயில் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வாங்கிய வாட்சைச் சென்னையில் காட்டலாம் என்பதுதான் அதன் பொருள். யாரிடம் வாங்கினாலும் செல்லும் என்பது அதில் இல்லை. டிசோ, லாஞ்சீன்ஸ், ராடோ போன்ற சுவிஸ் வாட்சுகளின் வாரன்ட்டித் தாளை ஒருமுறை படித்துப் பாருங்கள். அங்கீகரிக்கப்பட்ட டீலர் தேதி போட்டு, முழுமையாக நிரப்பி, முத்திரை வைத்திருந்தால்தான் செல்லும் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. ரோலெக்ஸ் 2015 முதல் 5 ஆண்டு கொடுக்கிறது. அந்த 5 ஆண்டு டீலர் விற்ற நாளிலிருந்து ஓடுகிறது. டீலரிடம் ஒருவர் வாங்கி, 2 ஆண்டு பெட்டியில் வைத்திருந்து, நீங்கள் இன்று விற்றால் மீதி 3 ஆண்டுதான். ‘புது பீஸ், 5 வருஷம் வாரன்ட்டி’ என்று நீங்கள் படத்துக்குக் கீழே போடும்போது அதில் 2 ஆண்டு பொய்.

கம்பெனிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரே தொழிற்சாலையில், ஒரே கையால் செய்த இரண்டு வாட்சில், ஒன்று எந்தக் கடை வழியாக வந்தது என்பதற்காகத் தயாரிப்புக் குறையைக்கூடப் பார்க்க மாட்டோம் என்பது நியாயமில்லை. அதைவிடப் பெரிய அநியாயம் ஸ்பேர் விஷயம். ஹெச்.எம்.டி. ஓடிய காலத்தில் எங்கள் வேலை வேறு மாதிரி இருந்தது. 1961-இல் ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய அந்த வாட்சுக்குத் தண்டு, ஸ்பிரிங், கண்ணாடி எது வேண்டுமானாலும் சென்னைக்குப் போய் வந்தால் கிடைக்கும். 2016-இல் அரசாங்கம் அந்த வாட்ச் கம்பெனியை மூட முடிவெடுத்தது. மூடிய பிறகும் பழைய ஹெச்.எம்.டி.யை என்னால் ஓட வைக்க முடிகிறது. 62,000 ரூபாய் சுவிஸ் வாட்சை முடியவில்லை. அதன் பாகத்தை எனக்கு விற்க மாட்டார்கள். ஐரோப்பாவிலேயே தனி வாட்ச் ரிப்பேர்காரர்களின் கூட்டமைப்பு இதற்காக 2004-இல் ஐரோப்பிய ஆணையத்தில் புகார் கொடுத்து, 2010-இல் நீதிமன்றத்தில் ஒருமுறை ஜெயித்து, மறுபடி விசாரணை நடந்து, 2017-இல் தோற்றுப்போனது. இங்கே மத்திய அரசு 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று ஓர் இணையதளம் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளைச் சொன்னார்கள். கைக்கடிகாரத்துக்கென்று அதில் தனி இடம் இல்லை. இதைப் பற்றிக் கம்பெனிகளுக்கும் அரசுக்கும் எழுத வேண்டியது நிறைய இருக்கிறது, எழுதுவேன்.

உங்களிடம் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கம்பெனி வாரன்ட்டியில் பார்க்காது, பாகம் இல்லாததால் என்னைப் போன்றவர்களாலும் பார்க்க முடியாது. இந்த நிலைமை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வாங்குகிறவருக்கு மட்டும்தான் தெரியாது. தெரியாதவரிடம் சொல்ல வேண்டிய பொறுப்பு யாருக்கு?

சென்னை பர்மா பஜாரை நினைத்துப் பாருங்கள். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்த தமிழர்களுக்காக 1969-இல் உண்டான கடைத்தெரு அது. ஃபாரின் வாட்ச் என்றால் ஒரு காலத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் அங்கேதான் போவார்கள். ‘கேரண்டி கிடையாது சார், இங்கேயே ஓட்டிப் பாத்துட்டு எடுத்துக்கோ’ என்று முகத்துக்கு நேரே சொல்லி விற்ற கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் வாங்கிய யாரும் ஏமாந்தேன் என்று என்னிடம் வந்து அழவில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினார்கள். உங்கள் கடை ஏசி கடை, உங்கள் பெட்டி வெல்வெட் பெட்டி. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும் தைரியம் மட்டும் எங்கே போனது?

இது வெறும் தர்மம் பற்றிய பேச்சும் இல்லை. டில்லி உயர் நீதிமன்றத்தில் சாம்சங் கம்பெனி கபில் வாத்வா என்ற வியாபாரி மேல் தொடுத்த வழக்கில் 2012 அக்டோபரில் ஒரு தீர்ப்பு வந்தது. வெளிநாட்டில் விற்ற சாம்சங் பிரிண்டரை அவர் இறக்குமதி செய்து இங்கே விற்றார். கூடாது என்றது கம்பெனி. விற்கலாம் என்றது நீதிமன்றம். வழக்கு மேலே போனாலும் அந்தத் தீர்ப்பைத்தான் உங்கள் தரப்பில் எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். அதன் பாதியை மட்டுமே காட்டுகிறீர்கள். விற்கலாம் என்று சொன்ன அதே நீதிபதிகள், இது இறக்குமதிச் சரக்கு, இதற்குக் கம்பெனி வாரன்ட்டியோ சர்வீஸோ கிடையாது, அதை நாங்களே எங்கள் பொறுப்பில் தருகிறோம் என்று கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும் என்றார்கள். உங்களுக்குக் கிடைத்த அனுமதியும் இந்தக் கடமையும் ஒரே தீர்ப்பில் இருப்பவை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் பாருங்கள். இல்லாத வாரன்ட்டியை இருப்பதாகச் சொல்வதும், பில் கொடுக்காமல் இருப்பதும் அதில் முறையற்ற வணிகம். வாங்கியவர் உங்கள் ஊருக்கு வந்து வழக்குப் போட வேண்டியதில்லை. தான் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம், எங்கள் பக்கத்துக்காரர் என்றால் விழுப்புரம் மாவட்ட ஆணையத்தில். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது, 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. நீங்கள் சென்னையில் இருந்துகொண்டு போனை எடுக்காமல் விட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தப் பெரியவருக்கு இதையெல்லாம் நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீது அவருடைய மகன் போனில் இருக்கிறது.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்றும் தெரியும். ‘உண்மையைச் சொன்னா ஒருத்தனும் வாங்க மாட்டான்’ என்பீர்கள். வாங்குவார்கள். 20,000 ரூபாய் மிச்சமாகிறது, பதிலாகக் கம்பெனி வாரன்ட்டி இல்லை என்று தெரிந்தால், கணக்குப் போட்டுப் பார்த்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களில் சிலருக்கு நானே எடுக்கச் சொல்வேன். சிலர் ஷோரூமுக்குப் போவார்கள், போகட்டும். அவர்கள் போக வேண்டிய இடம் அதுதான். ‘பில் போட்டா ஜி.எஸ்.டி. வரும்’ என்பீர்கள். மாநிலத்துக்குள்ளேயே விற்று, ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருக்கும் சிறு கடைக்குப் பதிவே கட்டாயமில்லை, சாதாரணப் பில் போதும். அதற்கு மேல் விற்கிறீர்கள் என்றால் வரி கட்ட வேண்டியவர்தான். ‘கஸ்டமரே பில் வேண்டாம்னு சொல்றாங்க’ என்பீர்கள். பில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யாராவது அவரிடம் சொன்னீர்களா?

இன்னொன்றும் யோசியுங்கள். சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா 2024 மார்ச்சில் போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சுவிஸ் வாட்சுக்கு இருந்த சுங்க வரி 7 ஆண்டில் படிப்படியாக இல்லாமல் போகிறது. இங்குள்ள ஷோரூம் விலைக்கும் துபாய், சிங்கப்பூர் விலைக்கும் உள்ள இடைவெளியில் ஒரு பங்கு அந்த வரிதான். அது சுருங்கச் சுருங்க, குறைந்த விலை என்ற ஒன்றை மட்டும் வைத்து நீங்கள் கடை நடத்த முடியாது. அப்போது வாடிக்கையாளர் உங்களிடம் வர வேறு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை இப்போதே உண்டாக்கத் தொடங்குங்கள்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி வரும் சாலையில் எங்கள் ஊருக்குள் திரும்பினால் ஒரு குகைக் கோயில் இருக்கிறது. 1,400 ஆண்டுக்கு முன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரே பாறையில் குடைந்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மாவுக்கும் ஈசனுக்கும் விஷ்ணுவுக்கும் இந்தக் கோயிலைச் செய்தவன் விசித்திரசித்தன் என்று தன் பட்டப்பெயரைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறான். எதைக் கொண்டு செய்யவில்லை என்பதைக்கூட மறைக்காமல் சொல்லி, ஓர் அரசன் அதோடு தன் பெயரையும் போட்டுக்கொண்ட ஊரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் விற்கும் பொருளில் என்ன இல்லை என்று சொல்லி உங்கள் பெயரைப் போடுங்கள் என்று கேட்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

நான் கேட்பது இதுதான். வாட்சை விற்கும்போது கடைப் பெயரும் விலாசமும் உள்ள பில் எழுதுங்கள். மாடல் எண்ணையும் சீரியல் நம்பரையும் அதில் எழுதுங்கள். எண் அழிந்த வாட்சை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். சீரியல் நம்பர் அழித்துத்தான் தருவேன் என்கிற டீலரிடம் சரக்கு எடுப்பதை நிறுத்துங்கள். கார்டு இருந்தால் அதில் உள்ள தேதியை வாங்குகிறவருக்குப் படித்துக் காட்டி, இன்னும் எத்தனை மாதம் மிச்சம் என்று பில்லிலேயே குறியுங்கள். கார்டு வெறுமையாக இருந்தால் ‘கம்பெனி வாரன்ட்டி இல்லை’ என்று தமிழில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். படம் போட்டு விற்பவர்கள், விலை எழுதும் அதே வரியில் இதையும் எழுதுங்கள். பணம் வாங்கிய பிறகு சொல்வது சொன்னதாகாது.

கம்பெனி வாரன்ட்டிக்குப் பதிலாக உங்கள் வாரன்ட்டியைக் கொடுங்கள். ஓர் ஆண்டு போதும். மிஷினில் குறை வந்தால் நாங்கள் பொறுப்பு, சர்வீஸ் சென்டர் கேட்கும் காசை நாங்கள் கட்டுகிறோம், முடியாவிட்டால் வாட்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதுங்கள். வெளிநாடுகளில் உங்கள் தொழிலைப் பெரிய அளவில் செய்யும் கடைகள் இப்படித்தான் தங்கள் பெயரில் வாரன்ட்டி கொடுத்து வளர்ந்தன. ஒவ்வொரு வாட்சிலும் கிடைக்கும் லாபத்தில் சிறு தொகையை இதற்கென்று ஒதுக்கினால் உங்களுக்கு அது பாரமாக இருக்காது. எல்லாமே பழுதாகி வருவதில்லை, சிலதான். பின்மூடியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்து, புது வளையம் போட்டு, தண்ணீர்ச் சோதனை செய்து, திறந்த விஷயத்தையும் பில்லில் எழுதுங்கள். என்னிடம் கொண்டு வந்தாலும் செய்து தருகிறேன்.

அந்த 62,000 ரூபாய் வாட்ச் இப்போது பிரித்த நிலையில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை விற்றவர் இதைப் படித்தால், அந்த நம்பரைத் திறந்துவிட்டு பெரியவரிடம் பேசுங்கள். சர்வீஸ் சென்டர் கேட்ட தொகையை ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் எல்லோரும், தை முகூர்த்தங்களுக்கு மாப்பிள்ளை வாட்ச் கேட்டு உங்களிடம் வரத் தொடங்குவதற்கு முன் ஒரு பில் புத்தகம் அச்சடித்து வையுங்கள்.

இப்படிக்கு,
மண்டகப்பட்டிலிருந்து ஒரு வாட்ச் ரிப்பேர்காரன்